வாசலில் கொடுக்காத கார்ட்

உம்மாவை அடக்கம் செய்த கிழமை முழுவதும் அர்கம் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் களைத்துப்போயிருந்தான். சுபஹு தொழுகைக்கு எழும்பினார், நெஞ்சு நோகிறது என்றார், த்ரீவீல் வருவதற்குள் முடிந்துவிட்டது. வருகிறவர்கள் கேட்பார்கள். அவன் சொல்வான். அவர்கள் தலையை ஆட்டிவிட்டு உட்காருவார்கள். பிறகு அடுத்தவர் வருவார். கண்டியில் ஒரு நிறுவனத்தில் நெட்வேர்க் பழுது பார்க்கிறவன் அவன். ஒரு பிழையை ஒரு தடவை பதிந்தால் போதும் என்று பழகியவன்.

கலகெதரையிலிருந்து அழைப்பு வந்தபோதும் அதையேதான் சொல்லத் தொடங்கினான்.

"தெரியும் மகன், கேள்விப்பட்டோம்," என்றார் மறுபக்கத்தில் ஒரு பெண். "நான் றிப்தாட உம்மா. உங்கட உம்மா தானே எங்கட புள்ளட கல்யாணத்துக்குப் படம் எடுத்த. இந்த நேரத்தில கேக்குறது சரியில்ல தான். மையத்து வீட்டுக்கு எப்படி ஃபோன் எடுக்குறன்டு இவரும் ஏசினாரு. ஆனா புள்ள சரியாத் தூங்குறாளில்ல. கார்ட திங்கக்கிழம கொண்டந்து தாரேன்டு உம்மா சொன்ன."

"பார்த்துட்டு எடுக்குறேன்," என்றான் அர்கம்.

கமரா உம்மாவின் அலுமாரியில், தைக்கிற துணிகளுக்குப் பக்கத்தில் இருந்தது. படங்கள் பதிகிற கார்ட் உள்ளேயே கிடந்தது. திரையில் 'படங்கள் இல்லை' என்று வந்தது.

தங்கை அம்னா பின்னால் வந்து நின்றாள். கமராவைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள்.

"நாநா, அத நான் தான் அழிச்ச."

"என்னத்த?"

"கார்ட. உம்மா குடுத்திட்டாங்கன்டு நெனச்சேன். மிச்சம் மீதி ஏதாச்சும் கெடக்குதான்டு பாக்காமலே ஃபோமட் குடுத்தேன். பொம்புளப் புள்ளகள்ட படம் ஊட்டுல ஈக்கப்படாதுன்டு உம்மா எத்தன தரம் செல்லி ஈக்காங்க. மையத்து எடுத்த அடுத்த நாளே செஞ்சேன், உம்மாக்குச் செய்ற வேலன்டு."

அவள் பிழையாக எதுவும் செய்திருக்கவில்லை. உம்மாவின் ஒழுங்கைத்தான் காப்பாற்றியிருக்கிறாள்.

உம்மா ஹிதாயாவின் ஒழுங்கு இதுதான். அந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் பெண்கள் பக்கத்துக்கு ஆண் கமராக்காரர் போவதில்லை. ஹிதாயா போவார். கல்யாணம் முடிந்து வெளியேறும்போது, மண்டபத்து வாசலில் வைத்தே, கமராவிலிருந்து கார்டைக் கழற்றி மணப்பெண்ணின் தாயின் கையில் வைப்பார். "இது அமானிதம், நம்பித் தந்தது. என்கிட்ட ஒன்டும் இல்ல," என்பார். வெறும் கமராவோடு வீட்டுக்கு வருவார். தான் எடுத்த படங்களைத் தானே ஆறுதலாக உட்கார்ந்து பார்த்ததில்லை.

அந்தக் கமரா அர்கம் வாங்கியது. டிப்ளோமா முடித்த கையோடு, ஏற்கெனவே ஒருவர் பாவித்ததாகப் பார்த்து வாங்கினான். ஆசை அடுத்த நோன்புக்குள் தீர்ந்துவிட்டது. வாப்பா போன பிறகு தையலில் வீட்டை நடத்திய ஹிதாயா, ஒரு நாள் அதைத் துடைத்து எடுத்தார். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணமொன்றில் பெண்கள் எல்லோரும் ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்களாம், மணப்பெண்ணின் முகம் ஒருவருக்கும் சரியாக விழவில்லையாம். "துணி வெட்டுற கைக்கு இது மட்டும் ஏலாதா?" என்றார். அதற்குப் பிறகு குடும்பத்தில் நடந்த கல்யாணம் எல்லாவற்றுக்கும் அவர்தான். நன்றி சொல்வார்கள், பிரியாணி கட்டிக் கொடுப்பார்கள். ஒருவரும் அதை வேலை என்று நினைக்கவில்லை. அவர் மட்டும் நினைத்தார். தையலை விட்டுவிட்டு இதையே தொழிலாகச் செய்ய வேண்டும் என்று அம்னாவிடம் சொல்லியிருந்தார்.

றிப்தாவின் கல்யாணம்தான் அந்நியர் தேடி வந்து, பேசி ஒப்படைத்த முதல் வேலை. அதுவே கடைசியும் ஆயிற்று. அந்தக் கார்ட் வெறுமையாகப் போனால் ஹிதாயாவின் பெயர் கலகெதரையில் எப்படிச் சொல்லப்படும் என்பது அர்கமுக்குத் தெரியும். இனி வந்து விளக்கம் சொல்ல அவர் இல்லை.

அழிந்த கார்டிலிருந்து கோப்புகளை மீட்கலாம் என்பது அவனுக்குத் தெரியும். ஆனால் கமராக் கோப்புகளோடு அவனுக்குப் பழக்கமில்லை. உம்மாவின் ஃபோனைத் திறந்தான். அதுவும் அவனுடைய பழைய ஃபோன்தான். ஃபேஸ்புக் அவன் பெயரிலேயே திறந்து கிடந்தது, அவன் கைவிட்டு நாளாகிவிட்ட கணக்கு. முதலில் வந்தது 'மலைநாட்டுக் கமராக்காரர்' என்ற குழு. அவன் அதில் சேர்ந்ததே இல்லை.

யோசிக்கிற தெம்பு இல்லை. எழுதினான்: "கார்டை ஃபோமட் செய்துவிட்டோம். அவசரமாக மீட்க வேண்டும். வழி சொல்லுங்கள்."

குழுவை நடத்துகிற சயந்தன் என்பவரிடமிருந்து உடனே பதில் வந்தது. பேராதனை வீதியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர்.

"தம்பி அர்கம்! கன நாளாக் காணேல்ல. நான் சொன்ன மாதிரி M-க்கு வந்திட்டீரோ, இல்ல இன்னும் ஓட்டோவிலதான் ஓடுறீரோ? கார்டைத் திருப்பிக் கமராவுக்குள்ள போடாதையும். ஒண்டும் எடுக்காதையும். ஸ்டூடியோவுக்குக் கொண்டு வாரும், நான் எடுத்துத் தாறன்."

தான் எழுதாத எதற்கோ இந்த மனிதர் பதில் சொல்கிறார். அர்கம் விரலால் தள்ளித் தள்ளிப் பழையவற்றுக்குப் போனான். ஒன்றரை வருடத்துக் கேள்விகள் அவன் பெயரில் கிடந்தன.

'மண்டபத்தில் டியூப் லைட் வெளிச்சத்தில் முகம் பச்சையாக வருகிறது. என்ன செய்ய?' 'ஃப்ளாஷ் அடித்தால் மணப்பெண் கண்ணை மூடுகிறார்.' 'ஒரு மண்டபத்தில் நிரந்தரமாக எடுத்துக்கொள்ளக் கேட்டேன். மாதிரிப் படங்கள் கேட்கிறார்கள். முகங்களைக் காட்ட முடியாது. எப்படி மாதிரி காட்டுவது?'

கடைசிக் கேள்விக்குக் கீழே குழுவே திரண்டு சிரித்திருந்தது. ப்ரோ, கல்யாணத்துக்குப் போய் முகத்தை எடுக்காமல் என்ன, கதிரையையா எடுத்தாய்? ப்ரோ, பொண்ணு வீட்டார் துரத்தி விட்டார்களா? சயந்தன் மட்டும், "கையை எடும், மருதாணியை எடும், வாசலில கழட்டி வைச்ச செருப்பை எடும். வெளிச்சம் தெரிஞ்சவனுக்கு முகம் தேவையில்லை" என்று எழுதியிருந்தார். ஹிதாயா கைகளை எடுத்துப் போட்டிருந்தார். தன்னுடைய கைகள், அம்னாவின் கைகள், மாவு பிசைகிற கை. மண்டபத்துக்காரருக்கு அது போதவில்லை.

M என்றால் என்ன என்பதும் அங்கேதான் கிடந்தது. கமரா தானாகக் கணக்குப் பார்ப்பது ஓட்டோ. வெளிச்சத்தை நாமே பார்த்து எல்லாவற்றையும் கையால் வைப்பது M. தொழிலுக்கு வர வேண்டுமென்றால் M-க்கு வாரும் என்று சயந்தன் மாதக்கணக்கில் சொல்லியிருந்தார். ஹிதாயாவின் பதில் ஒன்றுதான்: 'பயமாக இருக்கிறது சேர். ஒரு தடவைதான் நடக்கும் காரியம். பிழைத்தால் திருப்பி எடுக்க ஏலாது.'

எல்லாவற்றுக்கும் மேலே, றிப்தாவின் கல்யாணத்துக்குச் சற்று முன்னர் சயந்தன் கொடுத்த ஆலோசனை இருந்தது. "ரோ கோப்பா எடும். கமரா கண்டதை அப்பிடியே வைச்சிருக்கும். வீட்டை கொண்டுபோய் ஆறுதலா வெளிச்சத்தைத் திருத்திப் போட்டுக் குடும். தொழில் செய்யிறவன் கார்டை அப்பிடியே குடுக்கமாட்டான்."

அதனால்தான் அந்த ஒரு தடவை மட்டும் உம்மா வாசலில் கார்டைக் கொடுக்கவில்லை.

அர்கம் சயந்தனுக்குத் தனியாக எழுதினான். ஸ்டூடியோவுக்குக் கொண்டுவர முடியாது. பெண்கள் பக்கத்துப் படங்கள், ஆண்கள் பார்க்கக்கூடாது. நானும் பார்க்கக்கூடாது. இவ்வளவு நாளும் உங்களிடம் கேட்டது நான் அல்ல, என் உம்மா. போன கிழமை மௌத்தாகிவிட்டார்.

எழுத்துக்குப் பதில் வரவில்லை. ஃபோன் அடித்தது.

"தம்பி, சயந்தன் கதைக்கிறன். உண்மையோ?"

"ஆமா சேர்."

"எத்தினை வயசு?"

"அம்பத்தி மூணு."

"என்னிலும் மூத்தவ. நான் அவவை நீர், வாரும், போம் எண்டு... ஒருக்கா படம் ஆடிப்போச்சு. 'என்ன தம்பி, பின்னேரம் கொஞ்சம் போட்டிட்டு வந்தீரோ, கை நடுங்குது' எண்டு எழுதினனான். அவ என்ன எழுதினவ தெரியுமோ? 'இல்லை சேர், இப்போதுதான் சோறு வடித்தேன்' எண்டு. நான் மனுசிக்குச் சொன்னனான், எங்கட குழுவில ஒரு பெடியன் இருக்கிறான், வீட்டில சமைக்கிறவன், தங்கமான பெடியன், ஆருக்கும் கலியாணம் பேசலாம் எண்டு."

அர்கம் சிரித்தான். அந்தக் கிழமையில் முதல் தடவை. சிரிப்பு நடுவில் அறுந்துவிட்டது. சயந்தன் பேச்சைக் கார்டுக்குத் திருப்பினார்.

"தங்கச்சி இருக்கிறாவோ?"

"இருக்குறா."

"அவ திரைக்கு முன்னால இருக்கட்டும். நீர் பின்னால இருந்து சொல்லும். நான் எதை அமத்தோணும் எண்டு உமக்குச் சொல்லுறன்."

ஞாயிற்றுக்கிழமை லுஹர் தொழுகைக்குப் பிறகு சாப்பாட்டு மேசையில் செய்தார்கள். அம்னா மடிக்கணினிக்கு முன்னால். அர்கம் எதிர்ப்பக்கம், மூடியின் முதுகைப் பார்த்தபடி. சயந்தன் சொன்னதை அவன் சொன்னான், அவள் அமத்தினாள். நெடுநேரம் ஒன்றும் வரவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து வந்த சோற்றுக் கோப்பை மூடியபடியே இருந்தது.

"வருது," என்றாள் அம்னா.

"கோப்புட பேர் மட்டும் வருதா, படமே வருதா?"

"படம், நாநா. றிப்தா. உடுத்துறா... யாரோ தலையில ஊசி குத்துறாங்க. உம்மா எப்புடி இவ்வளவு கிட்டப் போன?"

அவன் மூடியின் கீறலைப் பார்த்துக்கொண்டிருந்தான். உம்மாவின் கண் அந்த மூடிக்கு மறுபக்கம் இருந்தது. ஒரு முழம் தூரம்.

"படத்தச் செல்லாத. ஒவ்வொண்டுக்கும் கீழ விவரம் ஈக்கும். மோட் என்ன போட்டு ஈக்குன்டு வாசி."

"ஓட்டோ. ஓட்டோ. ஓட்டோ." அவள் தள்ளிக்கொண்டே போனாள். "இதுல M. திரும்பவும் ஓட்டோ."

"பயந்திருக்கா," என்றான் அர்கம்.

"ஓட்டோ. ஓட்டோ. M." அவள் நிறுத்தினாள். "M. M. நாநா, மாப்புள தாலி கட்ட உள்ள வந்ததுல இருந்து எல்லாமே M."

"ஃப்ளாஷ்?"

"அடிக்கல்ல."

"நல்லா வந்து ஈக்கா?"

"நீங்க தானே செல்லாதன்ட." அம்னா மூக்கை உறிஞ்சினாள். "நல்லா வந்து ஈக்கு."

கோப்புகள் வந்துகொண்டிருந்தன. கடைசியில் அவள், "இந்தக் கடைசிப் படத்த நீங்க பாக்கலாம். யார்ட முகமும் இல்ல," என்று மடிக்கணினியைத் திருப்பப் போனாள். அவன் மூடியைக் கையால் பிடித்தான்.

"அதுவும் அந்தக் கல்யாண ஊட்டாக்கள்ட தான்."

படங்களைப் புதிய கார்டில் ஏற்றிக்கொண்டு இருவரும் பஸ்ஸில் கலகெதரைக்குப் போனார்கள். மாத்தளை வீதியிலிருந்த அவர்கள் வீட்டிலிருந்து போனால் கட்டுகஸ்தொட்டையில் மாறி ஏற வேண்டும். அம்னா கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

றிப்தாவின் வாப்பா நிஸாம் முன்னறையில் கதிரை இழுத்துப் போட்டார். அம்னா உள்ளே போனாள், கதவுத் திரை விழுந்தது. பிளேன்டீ வந்தது. நிஸாம் மழையைப் பற்றிக் கொஞ்சம் பேசினார்.

உள்ளே முதலில் சத்தமே இல்லை. பிறகு ஒரே நேரத்தில் எல்லோரும் பேசினார்கள்.

"இங்க பாரேன், மாமிட வாய! லட்டு உள்ள ஈக்கு!"

"அழிங்கடி அத!"

"இது நானா? உம்மா, இது நானா?"

"அழுதிருக்கியேடி. நாங்க யாரும் பாக்கல்லயே."

"அந்த ஹிதாயா ராத்தா பாத்து ஈக்காங்க."

அர்கம் கோப்பையைக் கீழே வைத்தான். உம்மாவின் வேலையை அவன் பார்க்கப்போவதில்லை. கேட்கத்தான் முடியும். கேட்டான்.

சத்தம் தணிந்த பிறகு நிஸாம் தயங்கிக் கேட்டார். "மகன், பிழையா நெனைக்காதீங்க. உங்கட கொம்பியூட்டர்ல..."

"ஈக்கு. உங்களுக்கு முன்னால அழிக்கத்தான் கொண்டந்தேன்."

மடிக்கணினியை எடுத்து, கோப்புறையைத் திறக்காமலே அழித்தான். மீட்க முடியாதபடி மேலே எழுதி அழிக்கிற முறை. அது முடிகிற வரையில் இருவரும் திரையில் வளர்கிற கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோடு மெதுவாக நகர்ந்தது. நிஸாம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அர்கமுக்கு அழுகை வரவில்லை, களைப்புத்தான் வந்தது.

அம்னா திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். உள்ளேயிருந்து றிப்தாவின் குரல் வந்தது. "நாநா, கடைசிப் படம் எங்கட இல்ல. உங்கட. அம்னாட ஃபோனுக்கு அனுப்பி ஈக்கேன்."

பஸ்ஸில் ஏறிய பிறகுதான் பார்த்தான். மண்டபத்து வாசல், கழற்றி வைத்த செருப்புகள், அபாயாவின் விளிம்பு. கழுத்தில் தொங்கிய கமரா, உம்மா செருப்புப் போடக் குனியும்போது தானாக அமங்கியிருக்க வேண்டும். உம்மாவின் ஒரு கால் செருப்புக்குள் இருந்தது, கணுக்கால் வீங்கியிருந்தது. அதைப் பற்றி அவர் வீட்டில் ஒன்றும் சொன்னதில்லை. மற்றச் செருப்பு காலுக்குக் காத்துக் கிடந்தது. அறுந்த வாரை நீல நூலால் தைத்திருந்தார். புதியது வாங்குங்கள் என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். நூலின் ஒவ்வொரு தையலும் தெரிந்தது.

கால் தெரியாதபடி படத்தின் ஓரத்தை வெட்டினான். மிச்சம் ஒரு செருப்பும் வாசல் வெளிச்சமும். உம்மாவின் ஃபோனிலிருந்து குழுவில் போட்டான். 'இந்தக் கணக்கில் இவ்வளவு நாளும் எழுதியது என் உம்மா ஹிதாயா. அவர் எடுத்த கடைசிப் படம் இது. M-இல் எடுத்தது.'

கட்டுகஸ்தொட்டையில் இறங்கும்போது இரண்டு பதில்கள் வந்திருந்தன. யாரோ ஒரு பையன், மேலே எழுதியதை வாசிக்காமல், "ப்ரோ, தவறி க்ளிக் பட்டுட்டா?" என்று கேட்டிருந்தான்.

அடுத்தது சயந்தன். "வெளிச்சம் சரியா விழுந்திருக்கு, அக்கா."

"என்ன நாநா?" என்றாள் அம்னா.

"ஒன்டுமில்ல. மாத்தளை பஸ் வருது, ஏறு."