செல்லக்கனி ஓட்டிப்போன வண்டி

ராஜபாளையத்தில் ஓர் அச்சகத்தில் நான் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தேன். செல்லக்கனி புரூப் பார்த்தாள். சின்ன வயதில் போலியோ வந்து இரண்டு கால்களும் சூம்பிப் போனவள். காலையில் அவளுடைய அண்ணன் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கிவிட்டால், சாயங்காலம் அவன் வரும்வரை அதே நாற்காலிதான். ஓய்ந்த நேரத்தில் கழிவுத்தாளின் பின்பக்கம் கதை எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்புவாள். வருந்துகிறோம் என்று பதில் வரும். அந்தக் கடிதத்திலும் ஒற்றுப்பிழை திருத்திவிட்டுத்தான் கிழிப்பாள்.

1987இல் ஊரிலிருந்த நற்பணி மன்றம் ஒன்று ஊனமுற்றவர்களுக்கு மூன்று சக்கர வண்டி வழங்கியது. சேத்தூர் மலைச்சாமியை வண்டியில் உட்காரவைத்துப் போட்டோ எடுத்தார்கள். பிறகு மன்றச் செயலாளர் வைகுண்டராஜ், "பிரேக் மாட்டணும்லா? மாட்டி வீட்டுக்கே அனுப்புதோம்" என்று வண்டியை வாங்கி வைத்துக்கொண்டார். மறுவாரம் அதே வண்டியை ஸ்ரீவில்லிபுத்தூரில் வேறொருவருக்கு வழங்கினார்கள். மலைச்சாமி வீட்டுக்குப் போட்டோ மட்டும் வந்தது.

அடுத்த வருஷம் விழா அழைப்பிதழ் எங்கள் அச்சகத்துக்கே வந்தது. அண்ணன் மனுப்போட்டிருந்ததால் பட்டியலில் செல்லக்கனி பெயரும் இருந்தது.

"அண்ணே, 'வண்டி வழங்கும் விழா'ன்னு தப்பா இருக்கு. 'வண்டி காட்டும் விழா'ன்னு திருத்தட்டுமா?" என்று என்னிடம் கேட்டாள்.

"வேலை போயிரும் தாயி. பேசாம இரு" என்றேன்.

விழா நடந்த கல்யாண மண்டபத்தில் மேடைக்கு ஏழு படி. இரண்டு பேர் அவளைத் தூக்க வந்தார்கள். "என்னைத் தூக்க வேண்டாம். வண்டியக் கீழ இறக்குங்க" என்று சொல்லிவிட்டாள். சிறப்பு விருந்தினர் முணுமுணுத்தபடி இறங்கிவந்து, அவள் உட்கார்ந்திருந்த வண்டியைப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்குச் சிரித்தார். அவர் கையை எடுத்ததுதான் தாமதம். செல்லக்கனி கைப்பெடலைச் சுற்றினாள். சமையல் சாமான் இறக்குவதற்காகப் போட்டிருந்த பக்கவாட்டுச் சரிவு வழியாக வண்டி தெருவுக்குப் போய்விட்டது.

தெரு இறக்கமான தெரு. வைகுண்டராஜ் கழுத்து மாலையோடு பின்னால் ஓடினார். நானும் ஓடினேன்.

"ஏம்மா, நில்லும்மா! பிரேக் மாட்டணும்!"

"நிப்பாட்டத்தான் பாக்கேன், ஏலலியே! பிரேக்கே இல்லை!"

அந்த விஷயத்தில் மனிதர் பொய் சொல்லவில்லை.

தெருக்கோடியில், எங்கள் பக்கத்துத் தறிகளில் நெய்கிற பேண்டேஜ் துணியை வெளுத்து வரிசை வரிசையாகக் காயப்போட்டிருந்தார்கள். மூன்று வரிசையைக் கிழித்துக்கொண்டு போன வண்டி நாலாவது வரிசையில் சிக்கி நின்றது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தலை முதல் இடுப்பு வரை அவள் ஒரே கட்டு. அதற்குள் கூட்டம் கூடிவிட்டது.

"யாருய்யா இந்தப் பிள்ளைய இப்படி அடிச்சது?"

மூச்சு வாங்க நின்ற வைகுண்டராஜ் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். "நான் அடிக்கலைங்க. வண்டிதான் குடுத்தேன்!"

"ஆமா, குடுத்துட்டாரு. எல்லாரும் கேட்டுக்கோங்க" என்று துணிக்குள்ளிருந்து குரல் வந்தது.

முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான். துணியை விலக்கி வெளியே எட்டிப் பார்த்தாள். "அண்ணே, நானா ஒரு இடத்துக்கு வந்தது இதான் மொதத் தடவை" என்றாள்.

நடந்ததை அப்படியே எழுதி மதுரைப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினாள். முதல்முறையாகப் போட்டார்கள். சேத்தூர், கூமாப்பட்டி, வத்திராயிருப்பு என்று பல ஊர்களிலிருந்து பதினாலு கடிதங்கள் வந்தன. எல்லாவற்றிலும் ஒரே சேதி: "எங்களுக்கும் போட்டோதான் வந்தது." பதினாலு பேரும் இவளோடு சேர்ந்து சங்கம் அமைத்தார்கள். மலைச்சாமி தலைவர், இவள் செயலாளர். தங்கள் போட்டோக்களைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு மன்ற வாசலில் மூன்று நாள் உட்கார்ந்தார்கள். தீபாவளிக்குள் பதினாலு வண்டிகளும் வந்து சேர்ந்தன.

அப்புறம் பஸ் பாஸ், மருத்துவச் சான்று என்று அவள் எழுதாத மனு இல்லை. 1997இல் அவளுடைய கட்டுரைகள் புத்தகமாயின. ஸ்ரீவில்லிபுத்தூரில் வெளியீட்டு விழா. பேராசிரியர் ஒருவர் அவளைத் தன்னம்பிக்கைச் சுடர் என்று முக்கால் மணி நேரம் புகழ்ந்துகொண்டிருந்தார். செல்லக்கனி ஒரு சீட்டு எழுதி அனுப்பினாள். அவர் பாராட்டுக்கு நன்றி என்று நினைத்து அதை மைக்கிலேயே வாசித்துவிட்டார்:

"ஐயா, கக்கூஸுக்குப் போற வழியில ரெண்டு படி இருக்கு. ஒரு பலகை போடச் சொல்லுங்க."

நாலு பேர் ஓடிப் பலகை போட்டார்கள். அவள் நிதானமாகப் போய்விட்டுத் திரும்பி வந்து, முன்வரிசையில் வண்டியை நிறுத்தினாள்.

"இப்பம் புகழுங்க" என்றாள்.