வெளியில விட்டா வாரண்டி போயிடும்

சவரிமேரிக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள். முதுநகர் துறைமுகத்தில் ஏலம் எடுக்கிற ஆம்பளைகள் கத்தட்டும். அவள் வாயை மூடிக்கொண்டு மனசுக்குள் கறுவுவாள். புருஷன் செத்த வருஷம் அவள் மீன் கூடையைக் காலால் தள்ளிவிட்ட ஏலக்காரனிடம் இன்று வரைக்கும் ஒரு மீன் வாங்கியதில்லை. அவன் மகள் கல்யாணத்துக்குப் போய் மொய் வைத்துவிட்டுச் சாப்பிடாமல் திரும்பியவள்.

அந்தக் கூடைக்காரி புது லோடு வண்டி வாங்கி, பின்னால் ஐஸ் பெட்டி பொருத்தி, தினமும் சிதம்பரத்துக்கு மீன் கொண்டுபோகத் தொடங்கியபோது தெருவே வாயைப் பிளந்தது. அங்கே மெஸ் நடத்தும் இளவரசுதான் பெரிய வாடிக்கை. அவர் ஒருத்தரை நம்பித்தான் வண்டித் தவணையும் வீட்டு உலையும்.

வண்டி ரிப்பேர் பார்க்க முதுநகரிலேயே நசீர் பாயின் ஷெட் இருக்கிறது. ஆனால் ஷோரூம் சர்வீசில் இருந்த அருண்குமார், வெளியில விட்டா வாரண்டி போயிடும் என்று முதல் நாளே பயமுறுத்தி வைத்திருந்தான். அதனால் எல்லாவற்றுக்கும் அங்கேயே போனாள். அவள் ஏசி ரூமில் காலை வைத்ததும் அருண்குமார் மேசையிலிருந்த ஸ்பிரே டப்பாவை எடுத்து அவள் நின்ற பக்கமாக அடிப்பான். மற்றவர்கள் சிரிப்பார்கள். சவரிமேரி பில்லை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். அந்த மல்லிகை வாசனை மட்டும் அவள் மூக்கைவிட்டுப் போகவேயில்லை.

வண்டி ஓடும்போதே அணைந்து போகிறது என்று அவள் பலதடவை சொல்லியும், ஒரு கோளாறும் இல்லை என்று கழுவித் துடைத்துக் கொடுத்தார்கள். கடைசியில் புதுச்சத்திரம் தாண்டி, உச்சி வெயிலில், பெட்டி நிறைய மீனோடு அது நின்றே போனது. சேதி கேட்டு நசீர் பாய் பைக்கில் விழுந்தடித்து வந்தார். சீட்டைத் தூக்கி எஞ்சினைப் பார்க்கட்டுமா என்று கேட்டார். அவள் அருண்குமாருக்குப் போன் போட்டாள். வெளியாள் கை வைத்தால் அவ்வளவுதான் என்றான். பாயைத் தடுத்துவிட்டு ரோட்டோரம் காத்துக் கிடந்தாள். ஷோரூம் வண்டி இழுக்க வருவதற்குள் ஐஸ் தண்ணீராகிவிட்டது. இளவரசு வேறு ஆளைப் பிடித்துவிட்டார், நிரந்தரமாகவே.

மறுநாள் ஷோரூமில் அருண்குமார் வண்டியை எட்ட நின்று பார்த்தான்.

"மீன் தண்ணி எறங்கி வயரு போயிருக்கு. இதுக்கு வாரண்டி கெடையாது."

பெட்டியில் கெட்டுக் கிடந்த மீனைக் கொட்ட ஓர் ஆள் கேட்டாள். அது எங்கள் வேலை இல்லை என்றான். பெட்டியைப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, வண்டியை அங்கேயே விட்டுவிட்டு பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டாள்.

ஷோரூமிலிருந்து போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் எடுக்கவில்லை. வண்டியைப் பின்பக்க மூலைக்குத் தள்ளிப் பார்த்தார்களாம். கடல் காற்று திரும்பியதும் நாற்றம் ஏசி ரூமுக்குள்ளேயே வந்ததாம். புது வண்டிக்கு மாலை போட வந்த குடும்பம் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியதாம். இதெல்லாம் பாய் விசாரித்து வந்து சொன்னது. அன்று சவரிமேரி நிம்மதியாகச் சாப்பிட்டாள். பூட்டை உடைத்தால் இவள் போலீசுக்குப் போவாள் என்று ஷோரூம் மேனேஜருக்குப் பயம். வீடு தேடி வந்தார்.

"வண்டிய வெளியில எடுத்துடுங்கம்மா, புண்ணியமா போவும்."

"வெளியில எடுத்தா வாரண்டி போயிடுமே, சார்."

மேனேஜர் வயரிங் முழுக்க வாரண்டியிலேயே மாற்றித் தருவதாகச் சொன்னார். சவரிமேரி இன்னொன்றும் கேட்டாள்: ஸ்பிரே அடிக்கிற தம்பிதான் பெட்டியைக் கழுவ வேண்டும்.

வேலை முடிகிற அன்று ஏசி ரூமில் கண்ணாடி ஓரமாக உட்கார்ந்து, அவர்கள் கொடுத்த காபியைக் குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே அருண்குமார் குமட்டிக் குமட்டிக் கழுவினான். அவன் முடித்தபோது அவளுக்கு இளவரசுவின் மெஸ் ஞாபகம் வந்தது. கைவிட்டுப் போன அந்த வாடிக்கையை இனி யார் திருப்பித் தருவது? எழுந்து போய், மூலையில் செதிள் இருக்கிறது என்று மறுபடி கழுவச் சொன்னாள்.

இனி எதுவானாலும் நசீர் பாய் ஷெட்தான் என்று காலையிலேயே அவரிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள். அருண்குமார் நனைந்த சட்டையோடு சாவி கொடுக்க உள்ளே வந்தான். கூட வேலை செய்பவர்கள் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். சவரிமேரி சாவியை வாங்கிக்கொண்டாள். மேசையிலிருந்த ஸ்பிரே டப்பாவை எடுத்து, அவன் மேல், அது காலியாகும் வரைக்கும் அடித்தாள்.