அரைப் போத்தல்கள்

1. போர்தோவில் இன்னும் பீப்பாயில் கிடந்த வைனுக்கு முழுக் காசையும் கட்டினேன்.
2. அதில் பாதி அப்பாவின் காசு.
3. எந்த அளவுப் போத்தலில் அடைப்பது என்று வியாபாரி கேட்டார்.
4. நான் படித்ததை விட்டுவிட்டு அப்பா சொன்னதைக் குறித்தேன்.
5. வைன் போத்தலில் அடைக்கப்பட்டது. அதன்பின் மாற்ற வழியில்லை.
6. விற்க வேண்டிய நேரம் வந்தது. வாங்க ஆள் வரவில்லை.

வேலையில் ஒரு பிழையைப் பதியும்போது இப்படித்தான் எழுதுவேன். மருத்துவக் கருவிகளுக்கான மென்பொருளைச் சோதிப்பது என் வேலை. படிப்படியாகப் பிரித்து எழுதினால் பிழை எங்கே நுழைந்தது என்று தெரிந்துவிடும். இங்கேயும் தெரிகிறது. நான்காவது படி. தெரிந்தும் எரிச்சல் குறையவில்லை.

வைனை இப்படி வாங்கலாம் என்று அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரி சொல்லித்தான் அறிந்தேன். திராட்சை அறுவடைக்கு அடுத்த வசந்தத்தில், வைன் பீப்பாயில் இருக்கும்போதே விலை சொல்வார்கள். அப்போது வாங்கிவிட்டு, போத்தலில் அடைத்துச் சில வருடம் கழித்து விற்றால் லாபம் வரலாம். மூன்று மாதம் படித்தேன். அட்டவணை போட்டேன். எங்கள் வீட்டில் ஒருவரும் குடிப்பதில்லை என்பது அதில் ஒரு குறையாகவே ஏறவில்லை.

அப்பாவுக்கு எங்கள் நகரின் வில்லரேப் பகுதியில் பலசரக்குக் கடை. நான் சொன்னதும் தானும் சேர்கிறேன் என்றார். கடையின் குத்தகை முடிய அப்போது நாலு வருடம் இருந்தது. அதற்குள் வைன் கைகொடுத்தால் புதுக் குத்தகைக்குக் கையெழுத்து வைக்காமல் கடையை விட்டுவிடலாம் என்பது அவர் நினைப்பு. எனக்கும் அதுதான் ஆசை. காலையில் அரிசி மூட்டை இறக்கிவிட்டு, மாலையில் வீங்கிய காலோடு மெத்ரோவிலும் பஸ்ஸிலும் கோட்-டெ-நெய்ஜில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்து சேர்கிற மனிதர்.

படிவத்தைக் கடைக்கே கொண்டுபோனேன். வழக்கமான போத்தல், பெரிய போத்தல், அரைப் போத்தல் என்று மூன்று கட்டங்கள். அரைப் போத்தலில் வைன் வேகமாக முதிர்ந்துவிடும், வாங்கிச் சேர்த்து வைப்பவர்கள் அதைத் தொடமாட்டார்கள் என்று படித்திருந்தேன். அதைச் சொன்னேன். அப்பா மிளகாய்த்தூள் தட்டைக் காட்டினார்.

"ஒரு கிலோப் பையைத் தூக்கிப் பாப்பினம், விலையைப் பாத்திட்டு வைச்சிடுவினம். நூறு கிராம் எத்தினை போகுது எண்டு உனக்குத் தெரியும்தானே. சின்னனா எடு பிள்ளை."

"இது மிளகாய்த்தூள் இல்லையப்பா."

"விக்கிற சாமான் எல்லாம் ஒண்டுதான்."

கத்தரிக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்த வாடிக்கையாளர் அக்கா ஒருவரும் அப்பா சொல்வது சரி என்றார். முப்பது வருடம் கடை நடத்தியவரிடம், வைன் வாசமே அறியாத நான் எதைக் காட்டி வாதாடுவது? அரைப் போத்தலைக் குறித்தேன். ஒன்றுக்கு இரண்டாகக் கிடைக்கிறதே என்று எனக்கும் கொஞ்சம் சந்தோஷமாக இருந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அக்கா மூலம் செய்தி பரவியது. வாடிக்கையாளர்கள் அப்பாவை வைன் முதலாளி என்று கூப்பிடத் தொடங்கினார்கள். "அண்ணை, மிளகாய்த்தூளுக்குப் பக்கத்தில எப்ப அடுக்கப் போறியள்?" என்று ஒருவர் வாராவாரம் கேட்பார். அப்பா சிரிப்பார். உண்மையில் அந்தத் தட்டில் அதை வைக்கவே முடியாது. பிரெஞ்சு பேசும் இந்த மாகாணத்தில் வெளிநாட்டிலிருந்து நாமாக மது கொண்டுவந்து விற்கச் சட்டம் விடாது. வைன் கடலுக்கு அப்பால் போர்தோவிலேயே, வியாபாரியின் களஞ்சியத்தில் இருந்தது.

இந்த வருடம் கட்டட உரிமையாளரின் கடிதம் வந்தது. இன்னும் ஐந்து வருடத்துக்கு இருக்கிறீர்களா, இல்லையா? அந்தச் சனிக்கிழமை கடையிலிருந்தே வியாபாரியை அழைத்து, விற்றுத் தரச் சொன்னேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார். இதே வைன் வழக்கமான போத்தலில் இருந்தால் ஒரு வாரத்தில் போயிருக்குமாம். அரைப் போத்தலைச் சில உணவகங்கள் எடுக்குமாம், ஆனால் நாங்கள் கொடுத்த விலைக்கே எடுக்காதாம். பொறுத்திருந்தால் விலை ஏறுமா என்று கேட்டேன். இந்த அளவுப் போத்தலுக்குப் பொறுத்திருப்பது நல்லதல்ல என்றார். தொலைபேசியை இருவரும் கேட்கும்படி வைத்திருந்தேன். அப்பாவுக்குப் பிரெஞ்சு நன்றாக விளங்கும்.

"பெரிசா எடுத்திருக்க வேணுமோ?" என்றார்.

"ஓம்."

"அப்ப ஏன் எனக்கு அடிச்சுச் சொல்லேல்லை?"

சொன்னேன்தானே என்று வாய்வரை வந்தது. சொன்னது உண்மை. ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு விட்டதும் உண்மை. அலுவலகத்தில் ஒரு பொத்தான் தவறான நிறத்தில் இருந்தால்கூட நாலு கடிதம் எழுதுகிறவள் நான். வியாபாரி மீது கோபப்பட இடமில்லை. அவர் கேட்டார், நாங்கள் பதில் சொன்னோம். அப்பா மீதும் கோபப்பட முடியாது. தட்டில் நூறு கிராம் பைகள் இன்றைக்கும் அப்படித்தான் விற்றுத் தீர்கின்றன. அவர் கடைக்கு அவர் விதி சரி. அதை அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் அனுப்பிவைத்தது என் கை.

அப்பா போன வாரம் ஐந்து வருடக் குத்தகைக்குக் கையெழுத்து வைத்தார். வைன் களஞ்சியத்தில்தான் இருக்கிறது. உணவகங்களின் விலைக்குக் கொடுப்பதா என்று இருவரும் முடிவு செய்யவில்லை. சனி, ஞாயிறு நான் போய் மூட்டை இறக்குகிறேன். மற்ற ஐந்து நாளும் அவரே இறக்குகிறார்.