இடக்கையால் சாப்பிட்டது

வாழைத்தாரைத் தூக்கும்போது என் வலது முழங்கையில் தசைநார் அறுந்துபோனது. தேனி ஆஸ்பத்திரியில் அதை இழுத்து எலும்போடு சேர்த்துத் தைத்து, கையை மடக்கிக் கட்டுப் போட்டார்கள். துணைக்கு யாரும் வரவில்லை. வார்டில் அத்தனை பேர் நடுவில் இடக்கையால் சாப்பிட வெட்கப்பட்டு, பசியில்லை என்று தட்டை மூடி வைத்தேன்.

பக்கத்துக் கட்டிலில் மகளைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த சுருளிப்பட்டி அம்மா விடவில்லை.

“ஏத்தா, டாக்டரு கையத்தான தச்சாக, வாயையுமா தச்சாக?” என்று சோற்றைப் பிசைந்து ஊட்டிவிட்டார். வார்டே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தேன்.

வீட்டுக்கு வந்தபோதும் கட்டு இருந்தது. ஒற்றைக் கையால் குக்கரில் சோறு வைத்து, இடக்கையால் அள்ளிச் சாப்பிட்டேன். கதவு திறந்துதான் கிடந்தது. வெட்கப்படுவதற்காவது ஓர் ஆள் இருந்தால் தேவலை என்றிருந்தது.