கடலைப் பார்த்த வாசல்

சிங்கம்புணரிச் சந்தைக்குத் தேங்காய் ஏற்றி லோடு ஆட்டோ ஓட்டுகிறவள் சுபலட்சுமி. முழுப்பரீட்சை முடிந்ததும் அதே வண்டியில் பிள்ளைகளோடு தொண்டிக் கடற்கரைக்குக் கிளம்பிவிடுவாள். நாளெல்லாம் ஆட்டம், தார்ப்பாய்க்கடியில் தூக்கம்.

இந்த வருடம் கிளம்புகிற அன்றைக்கு மூத்த மகள் வயதுக்கு வந்துவிட்டாள். அவளைத் தனியே உட்காரவைக்கும் குடிசையைத் தாய்மாமன்தான் கட்ட வேண்டும். பச்சை ஓலையோடு தம்பி பாண்டிமுருகன் வந்து நின்றான்.

“சமஞ்ச புள்ளைய ரோடு ரோடாக் கூட்டிக்கிட்டுத் திரியப் போறியாக்கா? ஊரு என்ன பேசும்?”

“ஊரா என் வண்டிக்கு டீசல் போடுது? என்னையும் இப்படித்தான்டா குடிசையில உக்கார வச்சாக. அதுக்கப்புறம் கம்மாய்த் தண்ணிப் பக்கமே விடல.”

ஓலைகளை அள்ளி வண்டியில் போட்டாள்.

“மாமன் நீதானே? ஏறு. அங்குட்டு வந்து கட்டு. வாசல மட்டும் கடலப் பாத்து வையி.”