ஒற்றை எலுமிச்சம்பழம்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். ஒரகடத்தில் நான் வேலை பார்க்கும் ஷெட்டில் எல்லோருக்கும் இது தெரியும். அங்கேயே கிரேன் ஓட்டும் என் வீட்டுக்காரருக்குக் கூடுதலாகவே தெரியும்.

நாங்கள் செய்வது வேறு கிரகத்தில் இறங்கப்போகும் விண்கலம், நான்கு கால்கள். ஒரு கால் தரையைத் தொட்டதும் எஞ்சினை நிறுத்தும் புரோகிராம் நான் எழுதியது. கம்ப்யூட்டருக்குள் எத்தனையோ முறை இறக்கிப் பார்த்தாயிற்று, ஒருமுறைகூடச் சாயவில்லை. அன்று சோதனை: நிஜ மாடலைக் கிரேனில் தொங்கவிட்டுப் பொடிமண்ணில் இறக்க வேண்டும். கால் தொட்டதும் கொக்கி தானாக விட்டுவிடும். எஞ்சின் நின்றதாகக் கணக்கு. தேறாவிட்டால் வேலை வேறு கம்பெனிக்குப் போய்விடும்.

மாடல் மெல்ல இறங்கியது. தரைக்கு இன்னும் கொஞ்சம் இருக்கும்போதே கொக்கி விட்டுவிட்டது. தொப்பென்று சாய்ந்து, ஒரு கால் வளைந்துபோயிற்று. அடக் கடவுளே!

ஒரு காலடியில் மண்ணைக் கிளறினால் நசுங்கிய எலுமிச்சம்பழம். அதைத்தான் தரை என்று எடுத்துக்கொண்டிருக்கிறது என் புரோகிராம். கிரேன் கூண்டிலிருந்து அவர் தலையைத் தொங்கப்போட்டபடி இறங்கி வந்தார்.

"யோவ், இன்னாய்யா இது?"

"புது வண்டிக்கு வெப்பாங்களே, அந்த மாரிதான். நீ ராவெல்லாம் பொரண்டுகினே இருந்த. நல்லபடியா எறங்கட்டும்னு..."

"அதுக்கு ஒரு காலுக்கு மட்டுமா வெப்ப?"

"வூட்ல ஒண்ணுதான் இருந்துச்சு."

திட்டத்தான் வாயைத் திறந்தேன். சிரிப்பு வந்துவிட்டது, கூடவே அழுகையும். என்மேல் இவ்வளவு ஆசையா இந்த மனுஷனுக்கு!

வீட்டுக்குத் திரும்பும்போது ஷேர் ஆட்டோவில், "என்னாலதான் உன் வேலை போச்சு" என்று முனகினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கிரகத்தில் எலுமிச்சம்பழம் இருக்காது, கல் இருக்குமே! என் கம்ப்யூட்டர் தரையில் ஒரு கல்கூட நான் வைக்கவில்லை. மூன்று கால்கள் தொட்டால்தான் எஞ்சின் நிற்கும் என்று மாற்றி எழுதி, கெஞ்சிக் கூத்தாடி இன்னொரு வாய்ப்பு வாங்கினேன்.

இரண்டாவது சோதனையன்று அவர் மண்பக்கமே வரவில்லை. நானே கூப்பிட்டு, கையில் ஓர் எலுமிச்சம்பழத்தைக் கொடுத்தேன்.

"அதே எடத்துல வைய்யா."

"ஐயோ, வேணாம்மா!"

"நீதான் வெக்கணும்."

பழத்தை வைத்துவிட்டுக் கூண்டில் ஏறினார். மாடல் இறங்கியது. ஒரு கால் பழத்தை அழுத்தியது, கொக்கி விடவில்லை. மற்ற கால்களும் மண்ணைத் தொட்டன. கொக்கி விட்டது.

மாடல் ஆடாமல் நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். நிமிர்ந்து பார்த்தால், கூண்டில் அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டிருக்கிறார்.

"யோவ்! கண்ணத் தொறய்யா, நின்னுடுச்சு!"