செத்த பயிரையும் எழுதுகிறவர்

நிந்தவூர் அரிசி ஆலையில் முதலாளியோடு சண்டை பிடித்து வேலையை விட்டுவிட்டு, மாவடிப்பள்ளி ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். வயலுக்குள் சாரத்தை மடித்துக் கட்டிய ஒல்லியான மனிதர் ஒருவர் போனில் கத்திக்கொண்டிருந்தார்.

"முடியாது சேர். பயிர் செத்த துண்டையும் எழுதித்தான் அனுப்புவன்."

போனை வைத்துவிட்டு, விரலை வயல் தண்ணீரில் தோய்த்து நாக்கில் வைத்தார். கிட்டப் போய்ப் பேச்சுக் கொடுத்தேன். உப்புப் பார்க்கிறாராம். இந்தியாவின் பெரிய பல்கலைக்கழகம் ஒன்றில் கலாநிதிப் பட்டத்துக்குப் படிக்கிறவர். உப்பைத் தாங்கும் என்று அவர்கள் உருவாக்கிய நெல்லை இங்கே விதைத்துச் சோதிக்கிறார். மேட்டுத் துண்டு விளைந்தது; ஆற்றோரத் துண்டு கருகிவிட்டது. கருகியதை மறைக்கச் சொல்கிறாராம் போனில் பேசிய பேராசிரியர்; மறைத்தால் கட்டுரை பெரிய சஞ்சிகையில் வருமாம், பல்கலைக்கழகத்துக்கும் பேர்.

"மறைச்சா என்ன காக்கா? பட்டம் கிடைக்குமே," என்றேன், அண்ணன் முறை வைத்து.

"கட்டுரைய நம்பி ஊரார் விதைச்சுப் பட்டினி கிடந்தா, மறுமையில ஆரு பதில் சொல்ற? சேரா, நீயா?"

"பட்டம் தராட்டி?"

"தராட்டிப் போகட்டும். திரும்ப விதைப்பன். அதுவும் செத்தா அதையும் எழுதுவன். நீ வேலை தேடித்தானே போறாய்? காலையில வா."

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். கைக்கு எட்டிய பட்டத்தை இப்படித் தள்ளிவிடும் துணிச்சல் எங்கிருந்து வருகிறது என்று இன்னும் விளங்கவில்லை. மறுநாள் காலையில் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். செத்த பயிர்களை ஒன்று விடாமல் எண்ணும் வேலை.